ஒட்டகத்தின் மேலிருந்து தெரியாத நாடு

சிங்கப்பூர், துபாய், ஐரோப்பா எல்லாம் பார்த்து முடித்த மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் அடுத்து எங்கே என்று யோசிக்கும்போது இப்போது மொராக்கோவின் பெயரும் அடிபடுகிறது. மாட்டுங்காவிலிருந்து கிளம்பினாலும் செம்பூரிலிருந்து கிளம்பினாலும் கைக்கு வரும் பயணத்திட்டம் ஏறத்தாழ ஒன்றுதான். காசாபிளாங்காவில் இறங்குவது, ரபாத், ஃபெஸ் நகரங்களைச் சுற்றுவது, ஷெஃப்ஷாவெனின் நீலச் சுவர்கள் முன்னால் படம் எடுத்துக்கொள்வது, மெர்ஸூகாவின் மணல்மேட்டில் ஒட்டகம் ஏறி ஓர் இரவு ‘பெர்பர் கூடாரத்தில்’ தங்குவது, மராகேஷ் கடைத்தெருவில் பொருள் வாங்கிக்கொண்டு திரும்புவது. இந்தத் திட்டத்துக்கு அடியில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. மொராக்கோ ஓர் அரபு நாடு, பெர்பர்கள் அதன் விளிம்பில் மிஞ்சியிருக்கும் பழங்குடிகள் என்பது ஒன்று. அவர்களைப் பார்க்கப் பாலைவனத்துக்குத்தான் போகவேண்டும், அதற்கு ஓர் இரவு போதும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. தவறான நம்பிக்கையின் மேல் போட்ட திட்டம் பணத்தையும் நாட்களையும் வீணாக்கும் என்பது சிறிய குறைதான். உயிரோடு இருக்கும் ஒரு மொழியையும் அதைப் பேசும் மக்களையும் காட்சிப்பொருளாகச் சுருக்கும் வேலையில் நாமும் பங்கெடுத்துவிடுகிறோம் என்பதே பெரிய குறை. ஊர், மொழி, சாதி, தொழில் எதுவும் விசாரிக்காமல் ‘மதராசி’ என்று ஒரே மூட்டையில் கட்டப்பட்டவர்கள் மும்பைத் தமிழர்கள். அவர்கள் இதைச் செய்யக்கூடாது.

முதல் நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். பெர்பர் என்று வெளியார் சொல்லும் மக்கள் தங்களை அமாசிக் என்று அழைத்துக்கொள்கிறார்கள். எகிப்தின் சீவா பாலைச்சோலையில் தொடங்கி, லிபியாவின் நஃபூசா மலை, அல்ஜீரியாவின் கபீலியா என்று மொராக்கோவின் அட்லாண்டிக் கரை வரை அவர்களுடைய மொழிகள் பேசப்படுகின்றன. மொராக்கோவில் மட்டும் மூன்று பெரிய வடிவங்கள் உண்டு: வடக்கே ரீஃப் மலைகளில் தரிஃபித், நடு அட்லஸில் தமாசிக்த், தெற்கே உயர் அட்லஸிலும் சூஸ் பகுதியிலும் தஷெல்ஹித். 2024 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இம்மொழிகளைப் பேசுகிறார். அது குறைத்துக் காட்டும் கணக்கு என்று அமாசிக் அமைப்புகள் மறுக்கின்றன. எந்தக் கணக்கை ஏற்றாலும் விளிம்பில் மிஞ்சிய கூட்டம் என்று சொல்ல வழியில்லை. பயணத்திட்டம் ‘அரபு’ என்று காட்டும் கட்டடங்களையே பாருங்கள். மராகேஷ் நகரத்தை 11-ஆம் நூற்றாண்டில் நிறுவிய அல்மொராவித் வம்சம் அமாசிக் வம்சம். மராகேஷின் குத்துபிய்யா கோபுரத்தையும் ரபாத்தின் ஹசன் கோபுரத்தையும் ஸ்பெயினின் செவில் நகரத்தில் இன்று ஹிரால்டா எனப்படும் கோபுரத்தையும் எழுப்பிய அல்மொஹாத்கள், உயர் அட்லஸ் மலையின் தின்மெல் என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்ட அமாசிக் மக்கள். ஃபெஸ் நகரத்தில் எல்லோரும் வாய்பிளந்து பார்க்கும் பூ இனானியா மதரஸாவை 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய மரினித்களும் அப்படியே. தமிழ் வாசகருக்கு நெருக்கமான சான்றும் ஒன்று உண்டு. 1304-இல் தாஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா, லவாத்தா என்ற அமாசிக் குலத்தவர். 1340-களில் மதுரைக்கு வந்து, அங்கிருந்த சுல்தானின் கொடுமைகளையும் ஊரைத் தாக்கிய கொள்ளைநோயையும் எழுதிவைத்தவர் அவர். நம் வரலாற்றுப் பாடப்புத்தகங்கள் அவரை ‘அரபுப் பயணி’ என்று சொல்லிவிட்டால் நாமும் அப்படியே மனப்பாடம் செய்துகொள்கிறோம்.

இரண்டாவது நம்பிக்கை இன்னும் ஆழமாகப் பதிந்தது. அமாசிக் என்றால் மணல், ஒட்டகம், கூடாரம். ஆனால் மொராக்கோவில் அமாசிக் வாழ்வின் முதுகெலும்பு மலை. வட ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான துப்கால் (4,167 மீட்டர்) உயர் அட்லஸில்தான் நிற்கிறது. குளிர்காலத்தில் அங்கே பனி மூடும். அதன் சரிவுகளில் படிக்கட்டு வயல்கள், வால்நட் மரங்கள், வாற்கோதுமை, பனி உருகிய நீரை வயலுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால்கள். அந்த நீரை முறைவைத்துப் பகிர்வதற்கு ஊர்க்கட்டு உண்டு. மேய்ச்சலுக்கும் உண்டு: ஊக்காய்மெதென் மேய்ச்சல் நிலத்தை வசந்தத்தில் மூடிவிடுவார்கள், புல் பூத்து விதை உதிர்த்த பிறகு, ஆகஸ்டில்தான் மந்தைகளுக்குத் திறப்பார்கள். அகதல் எனப்படும் இந்த ஏற்பாடு, பொதுநிலம் என்றால் ஆளாளுக்கு அழித்துவிடுவார்கள் என்று சொல்கிறவர்களுக்குக் கண்முன் நிற்கும் மறுப்பு. எதிர் அட்லஸ் மலைக்குப் போனால் அகதிர் எனப்படும் பொதுத் தானியக் கோட்டைகளைப் பார்க்கலாம். அம்தூதியில் செங்குத்தான பாறை உச்சியில் ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைந்தால் குறுகிய நடை. இருபுறமும் அடுக்கடுக்காகச் சிற்றறைகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை, தாழ்ந்த மரக்கதவு, மரப்பூட்டு. மேலடுக்கு அறைக்கு ஏணி கிடையாது. சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் கல்பலகைகளில் காலை வைத்து ஏறவேண்டும். வாற்கோதுமை, எண்ணெய், நகை, நிலப்பத்திரம் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும். காவலாளுக்கு ஊர் கூலி கொடுத்தது. யார் எப்போது திறக்கலாம், பிறர் அறையில் கைவைத்தால் என்ன அபராதம் என்ற சட்டத்தை மரப்பலகைகளில் எழுதிவைத்தார்கள். வங்கியும் களஞ்சியமும் சேர்ந்த இப்படியொரு பொது நிறுவனத்தை உண்டாக்கிய சமூகத்தை ‘நாடோடிகள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது அறியாமை.

மராகேஷிலிருந்து மெர்ஸூகா ஏறத்தாழ 550 கிலோமீட்டர். போக ஒன்பது பத்து மணி நேரம், வர அதே அளவு. மூன்று நாள் பாலைவனச் சுற்றுலா என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி வண்டிக்குள்தான் கழியும். வழியில் திஷ்கா கணவாயில் மலையைக் கடப்பார்கள். ஆனால் அங்கே கீழே இறங்குவது தேநீருக்கும் படத்துக்கும்தான். அயித் பென்ஹத்துவில் நிறுத்துவார்கள். 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்த மண்கோட்டையைச் சினிமாப் படப்பிடிப்பு நடந்த இடமாக அறிமுகம் செய்வார்கள். குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஆற்றுக்கு அக்கரையில் புது ஊருக்குப் போய்விட்டதையோ, ஏன் போனார்கள் என்பதையோ சொல்ல நேரம் இருக்காது. கடைசியில் கூடாரம். அங்கே விருந்தோம்புகிறவர்களில் பலர் அயித் கெப்பாஷ் என்ற அமாசிக் குலத்தார்தான். அதை மறைத்து வாதம் செய்ய நான் விரும்பவில்லை. வறட்சியாலும் எல்லைகள் மூடியதாலும் மேய்ச்சல் வாழ்வு குலைந்து, சுற்றுலாவைப் பிழைப்பாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். ஆனால் பயணிகளுக்குப் பிடித்த கற்பனைக்கு ஏற்ப, தெற்கே மாலி, நைஜர், அல்ஜீரியாவில் வாழும் துவாரெக் மக்களின் நீல உடையை அணிந்து நிற்கவேண்டிய நிலை அங்கே உண்டாகியிருக்கிறது. நம் ஊர்க்காரர் ஒருவர் வெளிநாட்டாருக்காகக் கதகளி வேடம் கட்டி நின்றால் அதைத் தமிழர் பண்பாடு என்று ஏற்போமா? பாலைவனம் பொய்யல்ல. அமாசிக் நாடு முழுவதற்கும் அதை ஆகுபெயராக்குவதுதான் பொய்.

இப்படிப்பட்ட சுருக்கம் என்ன செய்யும் என்பதற்கு மும்பைத் தமிழர்கள் வெளியே சான்று தேடவேண்டியதில்லை, தாராவி இருக்கிறது. 2006 முதல் அங்கே சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போகும் நடைப்பயணங்கள் நடக்கின்றன. 2019-இல் ட்ரிப்அட்வைசர் தளத்தின் பயணிகள் தேர்வில் அப்படியொரு நடை இந்தியாவின் முதலிடச் சுற்றுலா அனுபவமாக, தாஜ்மகாலையும் முந்தி வந்தது. படம் எடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்து, இலாபத்தில் பெரும்பங்கை அந்தப் பகுதியின் கல்விப் பணிக்குத் தரும் கண்ணியமான நடைகளும் அவற்றில் உண்டு. அங்கே காட்டப்படும் பிளாஸ்டிக் மறுசுழற்சியும் தோல் பொருள் பட்டறையும் கும்பார்வாடாவின் சூளையும் எல்லாம் உண்மைதான். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்த உண்மைகளைப் பார்த்துத் திரும்புகிறவர் மனதில் பதிவது ஆசியாவின் பெரிய சேரி, உழைக்கும் ஏழைகள் என்ற சித்திரமே. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் தலைமுறைகளாக உழைத்தவர்களின் தமிழ்த் தாராவி அவர் கண்ணில் படுவதில்லை. தை முதல் நாள் விடியலில் தொண்ணூறு அடிச் சாலைக்கு வந்து பார்த்தால் தெரியும்: கல் அடுப்புகள் வரிசையாக மூட்டியிருக்கும், மஞ்சள் கொத்து கட்டிய பானைகள், சாய்த்துவைத்த கரும்பு, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே அரிசி களையும் பெண்கள், பால் பொங்கும்போது தெருவோடு எழும் குலவை. விடிவதற்குள் இட்லி அவித்து நகரம் முழுக்கக் கொண்டுபோகிறவர்களின் சமையற்கூடங்களும் இங்கேதான். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளும் இங்கேதான். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு எழுதப்பட்ட ‘தாராவி’யைப் படிக்கும்போது தமிழர்களுக்கு வரும் கோபம் நியாயமானது. அதே கோபம் அட்லஸ் மலைக்காரருக்கும் வரும். நம் கோபத்தை நியாயம் என்று சொல்லிக்கொண்டு அவர்களுடையதை நாம் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

இதற்கு அறிவார்ந்த மறுப்பு ஒன்று உண்டு. அரபு, பெர்பர் என்று பிரிப்பது பிரெஞ்சுக்காரர்களின் சூழ்ச்சி. பயணம் போகிறவர் அந்தப் பிரிவினையை ஏன் சுமக்கவேண்டும் என்பார்கள். பாதி உண்மை. 1930 மே மாதத்தில் பிரெஞ்சு ஆட்சி கொண்டுவந்த ஆணை, அமாசிக் பகுதிகளை இஸ்லாமியச் சட்டத்திலிருந்து பிரித்து வழக்காற்று நீதிமன்றங்களின் கீழ் வைக்க முயன்றது. மொராக்கோ தேசிய இயக்கம் அதை எதிர்த்தே வீறுகொண்டது. அமாசிக் மொழிக்காகப் பேசுகிற எவரையும் காலனியத்தின் கையாள் என்று ஐயுறும் பழக்கம் அப்போது வேரூன்றியது. ஆனால் ஆதிக்கக்காரன் ஒரு வேறுபாட்டைத் தவறாகப் பயன்படுத்தினான் என்பதால் அந்த வேறுபாடே இல்லை என்றாகிவிடாது. விடுதலைக்குப் பிறகு பள்ளியிலும் நீதிமன்றத்திலும் தங்கள் மொழிக்கு இடமில்லாமல் தவித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்லர். அல்ஜீரியாவில் 1980 மார்ச்சில், பழைய கபீலிய கவிதைகளைப் பற்றி எழுத்தாளர் மூலூத் மம்மெரி திஸி ஊஸுவில் ஆற்றவிருந்த உரையை அரசு தடைசெய்தது. அதிலிருந்து வெடித்த கிளர்ச்சியே ‘பெர்பர் வசந்தம்’. ஒரு கவிதைச் சொற்பொழிவுக்குத் தடை, அதற்கு எதிராக மாணவர்கள் தெருவுக்கு வருதல்: மொழிப்போரை நினைவில் வைத்திருக்கும் தமிழர்களுக்கு இதில் விளக்க எதுவும் இல்லை. மொராக்கோவில் 2001-இல் அமாசிக் பண்பாட்டுக்கான அரச நிறுவனம் அமைந்தது. 2003-இல் தொடக்கப்பள்ளிகளில் மொழி நுழைந்தது. 2010-இல்தான் குழந்தைகளுக்கு அமாசிக் பெயர் வைப்பதைப் பதிவாளர்கள் மறுக்கக்கூடாது என்று தெளிவான அரசு அறிவுறுத்தல் வந்தது. 2011 அரசியலமைப்பு அமாசிக் மொழியை அரபுக்குப் பக்கத்தில் ஆட்சிமொழியாக ஏற்றது. 2024 முதல் ஜனவரி 14 அமாசிக் புத்தாண்டாக அரசு விடுமுறை. ஒவ்வொன்றும் கேட்டு, போராடி வாங்கியது. மொராக்கோ அரசே ஏற்றுக்கொண்ட ஒன்றை விடுமுறைக்குப் போகிறவர் ஏற்க மறுப்பது எந்த வகை நடுநிலை?

அடுத்த மறுப்பு நடைமுறை சார்ந்தது. கிடைப்பது எட்டு நாள் லீவு, குழந்தைகள், வயதானவர்கள் கூட வருவார்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் உண்டு, மொழி தெரியாது. பண்பாட்டு ஆராய்ச்சி செய்யவா போகிறோம் என்பார்கள். ஆராய்ச்சி தேவையில்லை, மூன்று முடிவுகளை மாற்றினால் போதும். முதலாவது, எட்டு நாளில் எட்டு ஊர் என்பதை விட்டு ஒரே ஒரு மொழிப்பகுதியைத் தேர்ந்தெடுப்பது. மராகேஷிலிருந்து இம்லில் சிற்றூர் 65 கிலோமீட்டர் அளவுதான். ஒன்றரை மணி நேரத்தில் மலை வாழ்வுக்குள் போய்விடலாம். வயதானவர்களுக்கு அந்த வழி எளிதா, பத்து மணி நேர வேன் எளிதா? இரண்டாவது, நம் பள்ளி விடுமுறையை மட்டும் பார்க்காமல் அந்த மண்ணின் ஆண்டுச் சக்கரத்தையும் பார்ப்பது. பிப்ரவரியில் தஃப்ராவுத் பள்ளத்தாக்கில் பாதாம் பூக்கும். மே மாதத்தில் கலாத் மகூனாவில் ரோஜா அறுவடை. மே மாதமாவது மும்பைப் பள்ளி விடுமுறைக்குள் வருகிறது. மூன்றாவது, தங்குமிடம்: மலையூர்களில் குடும்பங்கள் நடத்தும் விடுதிகளில் இரண்டு மூன்று இரவு ஒரே இடத்தில் இருப்பது. சாப்பாட்டுக்கு மாட்டுங்காக்காரர் கவலைப்படுவதுபோல் அங்கே வறட்சி இல்லை. கல் பரப்பிய மண் அடுப்பில் சுடும் தஃபர்னூத் ரொட்டி, பாதாமும் தேனும் அர்கான் எண்ணெயும் சேர்த்து அரைத்த அம்லூ, காய்ந்த மொச்சையில் வைக்கும் பிசாரா சூப், காய்கறி போட்ட கூஸ்கூஸ் எல்லாம் அன்றாட உணவு. இறைச்சிச் சாறு சேர்க்கவேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்லிவிடவேண்டும், அவ்வளவே. மொழியைப் பொறுத்தவரை, ‘அசூல்’ என்று வணக்கம் சொல்லத் தெரிந்தாலே எதிரில் இருப்பவர் முகம் மாறும். மும்பையில் யாராவது வேற்றுமொழிக்காரர் ‘வணக்கம்’ என்றால் நமக்கு ஆவதுபோல.

சூஸ் பகுதியைத் தேர்ந்தெடுக்க மும்பைத் தமிழர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தஃப்ராவுத் சுற்றுவட்டாரத்து ஆண்கள் தலைமுறைகளாக மலையை விட்டுக் காசாபிளாங்காவுக்கும் ரபாத்துக்கும் பிரான்சுக்கும் போய்ச் சிறு மளிகைக்கடை நடத்திப் பிழைத்தவர்கள். விடிகாலையில் திறந்து நள்ளிரவில் மூடும் கடை, பின்னால் ஓர் அறையில் படுக்கை, ஊருக்கு அனுப்பும் பணம். அந்தப் பணத்தில் ஊரில் வீடு எழும்பும். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும். பெருநாளுக்கும் கோடைக்கும் ஊர் நிறையும். கோயில் கொடைக்கு நெல்லைக்கு ரயில் ஏறும் தாராவிக் குடும்பத்துக்கு இதில் அந்நியமாக என்ன இருக்கிறது? காசாபிளாங்காவின் முனைக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கும் பயணி, கல்லாவில் இருப்பவர் எந்த மலையிலிருந்து வந்தார் என்று ஒரு வார்த்தை கேட்டாலே, பாலைவனக் கூடாரம் தராத ஓர் அறிமுகம் கிடைத்துவிடும்.

நேர்மையாக எதிர்கொள்ளவேண்டிய மறுப்பு இன்னொன்று. எல்லோரும் மலைக்குப் போனால் அங்கேயும் வேடிக்கை பார்க்கத்தானே போவார்கள்? பாலைவனத்தில் நடப்பது மலையிலும் நடக்காதா? நடக்கும், ஏற்கெனவே ஓரளவு நடந்திருக்கிறது. செப்டம்பரில் இமில்ஷிலில் கூடும் விழாவைப் ‘பெண் சந்தை’ என்று சுற்றுலாக் கதைகள் விற்கின்றன. உண்மையில் அது கால்நடையும் தானியமும் துணியும் கைமாறும் மலைச்சந்தை. குடும்பங்கள் பேசிமுடித்த திருமணங்களைப் பதிவும் செய்துகொள்வார்கள். அதைச் சந்தைப்பொருளாக்கிச் சொல்வது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அவமதிப்பு. அர்கான் எண்ணெயும் அப்படித்தான்: பெண்கள் சேர்ந்து நடத்தும் உண்மையான கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு, வாசலில் இரண்டு பெண்களைக் கொட்டை உடைக்க உட்காரவைத்த கடைகளும் உண்டு. ஆகவே மலைக்குப் போவது மட்டும் புண்ணியம் அல்ல. கேட்டுப் படம் எடுப்பது, பேரத்தில் எல்லை காப்பது, கதையைச் சரிபார்ப்பது எல்லாம் சேர்ந்தால்தான் திட்டம் முழுமையாகும். ஆனால் வேடிக்கை பார்ப்பது தவறு என்பதற்காகப் போகாமலே இருப்பது அதைவிட மோசம். 2023 செப்டம்பர் 8 இரவு உயர் அட்லஸைத் தாக்கிய 6.8 அளவு நிலநடுக்கத்தில் 2,900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தின்மெல் பள்ளிவாசல் இடிந்தது. மண்வீடுகளோடு ஊர்கள் சரிந்தன. 2024-இல் மொராக்கோவுக்கு 1 கோடியே 74 இலட்சம் பயணிகள் வந்தார்கள். அந்தப் பணத்தில் எவ்வளவு மராகேஷோடு நின்றுவிடுகிறது, எவ்வளவு மலையேறுகிறது என்பதைத் தீர்மானிப்பது பயணத்திட்டங்கள்தான். இதனால் பாலைவனத்து ஒட்டகக்காரரின் பிழைப்பு போய்விடாது. அவருக்கு ஏற்கெனவே கூட்டம் இருக்கிறது. மெர்ஸூகா போயே தீரவேண்டும் என்பவர் அங்கேயே மூன்று நாள் இருந்து அயித் கெப்பாஷ் மக்களின் இன்றைய வாழ்வைக் கேட்டறிந்தால் அதுவும் இந்தக் கட்டுரைக்கு உடன்பாடே.

பயணத் திட்டம் அரசியல் அற்றது என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் வேர். எந்த ஊரில் எத்தனை இரவு என்று முடிவு செய்யும்போதே யாருடைய நாட்டைப் பார்க்கப்போகிறோம், யாரை விட்டுவிடப்போகிறோம் என்றும் முடிவு செய்துவிடுகிறோம். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் டிராவல் ஏஜென்டிடம் கேட்கவேண்டியவை சில: நாங்கள் தங்கும் ஊரில் என்ன மொழி பேசுவார்கள், வழிகாட்டி அந்த ஊர்க்காரரா, விடுதியை நடத்துவது யார், வண்டியில் எத்தனை மணி நேரம், ஊருக்குள் எத்தனை மணி நேரம்? பதில் தெரியாத ஏஜென்ட், அவருக்கே தெரியாத நாட்டை நமக்கு விற்கிறார், அவரை விட்டுவிடலாம். மராகேஷில் இறங்கியதும் கிழக்கே பத்து மணி நேரம் ஓடும் வேனில் ஏறவேண்டாம். தெற்கே கண்ணுக்குத் தெரிகிற மலைக்கு வண்டி பிடியுங்கள்.